பால்மாப் பேணியும் மாமாவின் இடது கையும்

எங்கள் பகுதியில் றெக்கோட் பிளேயர் வைத்திருந்தவர்கள் பலர். அதை ஒழுங்காகக் கேட்க வைத்தவன் நான் ஒருவன்தான். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இங்கிலீசில் என் பெயரை மட்டும் எழுதுவேன். ஆனால் ஒரு றேடியோவின் பின்மூடியைக் கழற்றிவிட்டால், நோய் இருக்கிற இடத்துக்குக் கை தானாகப் போகும். புத்தூர்ச் சந்தியில் இருந்த என் கடைக்கு வந்த படித்தவர்கள் எத்தனையோ பேர், "அண்ணை, எங்கை படிச்சனீங்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். "நான் படிச்ச பள்ளிக்கூடத்திலை வாங்கில் இல்லைத் தம்பி, ஈயமும் நெருப்பும்தான்" என்பேன்.

இவ்வளவு இருந்தும், சின்ன வயதில் இருந்து ஒரு விடயம் என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. என் மனைவியின் தகப்பன் எனக்குச் செவி இல்லை என்று சொல்லிவிட்டார். செவி என்றால் காது அல்ல. தாளமும் நாதமும் பிடிபடுகிற காது.

மாமா தவில்காரர். அவர் வாசித்தால் கோயில் வீதியில் கச்சான் கடலை விற்கிறவளும் கையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். பத்து வயதில் என்னை அவரிடம்தான் தவில் பழக விட்டார்கள். ஆறு மாதத்தில் என் தகப்பனைக் கூப்பிட்டு, "உவனுக்குக் கை இருக்கு, செவி இல்லை. வேறை தொழிலிலை விடு" என்று திருப்பி அனுப்பினார். நான் கொழும்புக்குப் போனேன். ஒரு றேடியோக் கடையில் கூட்டித் துடைத்து, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டேன். கையில் தொழிலோடு வந்து அவருடைய இளைய மகளையே கேட்டேன். அவள் ஒற்றைக்காலில் நின்றபடியால் தந்தார். ஆனால் கலியாணத்துக்குப் பிறகும் என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவார். மற்ற மருமகனுக்கு "தம்பி".

எண்பத்துமூன்றில் இனக்கலவரத்தில் கொழும்பு எரிந்தபோது கப்பலில் ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஆட்கள் நகையும் பத்திரமும் கொண்டுவந்தார்கள். நான் ஒரு றெக்கோட் பிளேயரைச் சீலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதனோடு ஒரேயொரு இசைத்தட்டு. கொழும்பில் நடைபாதைக் குவியல் ஒன்றில் அகப்பட்ட தட்டு அது. இளம் வயதில் மாமா ஒரு நாதஸ்வரக்காரரோடு கொழும்புக்குப் போய் வாசித்துக்கொடுத்தது. அப்படி ஒன்று வெளிவந்ததே மாமாவுக்குத் தெரியாது. வேறு எவரிடமும் அது இருந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இதைக் கேட்டால் இனி மாமா என் செவியைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார் என்று நினைத்தேன். அடுத்த வருடம் தைப்பொங்கலுக்கு மறுநாள் அவரை அரியாலையில் இருந்து கூட்டிவந்து, ஊரில் பாதியை முற்றத்தில் இருத்தி, தட்டைப் போட்டேன். கோயில்களுக்கு வாடகைக்கு விடுகிற என் லவுட்ஸ்பீக்கர் அம்பிளிபயரில், மைக் கொழுவுகிற துளையிலே பிளேயரின் வயரைச் செருகினேன். அதில் எல்லாம் பாடும் என்பது என் எண்ணம். சத்தம் வந்தது. நாதஸ்வரம் தகரம் கீறுவது போல வந்தது. தவில், தகரத்தில் கடுகு கொட்டுவது போல.

மாமா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடமாகியிருக்காது.

"வலது கை என்ரை மாதிரிக் கிடக்கு," என்றார். "இடது கை எங்கை?"

தவிலின் வலது பக்கத்தை விரலில் கூடு போட்டு வாசிப்பார்கள். அது கீச்சென்று நறுக்கென்று விழும். இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். அதைக் கழியால் அடிப்பார்கள், அடிவயிற்றில் இருந்து வருகிற சத்தம் அது. அந்தச் சத்தம் என் பெட்டியில் மருந்துக்கும் இல்லை.

"உது ஆரோ ஒரு கை முடவன் வாசிக்கிறான். உது நானில்லை," என்று சொல்லி எழும்பினார். வேட்டியைத் தட்டினார். "உமக்கு அது விளங்கேல்லைத்தானே," என்றார் என்னைப் பார்த்து. "விளங்காதெண்டு அண்டைக்கே சொன்னனான்."

ஊர் சிரித்தது. அவர் வெளிக்கிட்டுப் போனார். அதன் பிறகு எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. மகளைப் பார்க்க வேண்டுமென்றால் அவள்தான் அரியாலைக்குப் போகவேண்டும்.

குற்றம் எங்கே என்று ஆறு மாதம் தலையை உடைத்தேன். கடைசியில் கொடிகாமத்தில் ஒரு பெரியவரிடம் போனேன். கப்பலில் றேடியோ வேலை பார்த்து ஓய்ந்தவர். அவர் சிரித்துப்போட்டுச் சொன்னார்: "தட்டு வெட்டேக்கை தொப்பி மாதிரித் தடிச்ச சத்தத்தைக் குறைச்சும், கீச்செண்ட மெல்லிய சத்தத்தைக் கூட்டியும்தான் வெட்டுவாங்கள். தடிச்ச சத்தத்தை அப்பிடியே விட்டால் கோடு அகண்டு பக்கத்துக் கோட்டுக்குள்ளை போயிடும். பெரிய ஆளைக் குனியச்சொல்லிக் குடிலுக்குள்ளை விடுற மாதிரி. வெளியிலை வரேக்கை ஆள் நிமிர வேணும். நிமித்திறதுக்கு ஊசிக்கும் அம்பிளிபயருக்கும் நடுவிலை ஒரு சின்னப் போர்ட் வேணும். பிறீஅம்ப் எண்டு சொல்லுவாங்கள். உம்மடை மைக் துளைக்கு நிமித்தத் தெரியாது."

ஒரு கடதாசியில் படம் கீறித் தந்தார். அவர் தராவிட்டாலும் இன்னும் இரண்டு மாதத்தில் நானே கண்டுபிடித்திருப்பேன். அது வேறு கதை.

முதல் போர்ட்டை, செத்த ஜப்பான் அம்பிளிபயர் ஒன்றில் இருந்து கழற்றிய இரண்டு டிரான்சிஸ்டரை வைத்துக் கட்டினேன். மாமாவின் இடது கை வந்தது. ஆனால் தனியாக வரவில்லை. வீட்டுக் கரண்டின் இரைச்சல், 'ங்ங்ங்' என்று, அதே தடிப்பில் கூடவே வந்தது. மாமா வண்டு கூட்டுக்குள் இருந்து வாசிப்பது போல இருந்தது. டிரான்ஸ்போமரைத் தள்ளி வைத்தேன். வயரைச் சுருக்கினேன். போர்ட்டை, பால்மா வந்த தகரப் பேணி ஒன்றுக்குள் வைத்து, பேணியை நிலத்தோடு கம்பியால் தொடுத்தேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது, போகவில்லை. மற்றவனென்றால் இதுவே போதுமென்று மாமாவைக் கூப்பிட்டிருப்பான். எனக்குப் பயம். இன்னொரு தரம் அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழும்பினால், அது கடைசித் தரமாக இருக்கும்.

இன்னொரு பயமும் இருந்தது. தட்டு ஒன்றே ஒன்று. ஒவ்வொரு தரம் ஊசி ஓடும்போதும் கொஞ்சம் தேயும். அதனால் சோதிப்பதெல்லாம் ஊரில் இரவல் வாங்கிய வேறு தட்டுகளில்தான். மாமாவின் தட்டைப் போட்டால், அதன் உறையில் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். நாலு வருடத்தில் ஐந்தே கோடு.

பிறகு கொடிகாமத்துப் பெரியவருக்கு லண்டனில் இருக்கிற மகன் ஒரு பார்சல் அனுப்பினான். அதில் எனக்கென்று இரண்டு ஐசி, நல்ல கப்பாசிற்றர்கள். பெரியவர் புதிய படமும் கீறித் தந்தார். இரண்டாவது போர்ட்டை அந்தப் பேணிக்குள்ளேயே கட்டினேன். முதல் நாள் கேட்டபோது என் கண் கலங்கியது. இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. தொப்பியின் அடி ஒவ்வொன்றும் கால் வைத்து நடந்து வந்தது. மாமாவை அழைப்பிக்க மனைவியைக் கூப்பிட்டு, "வாற பௌர்ணமிக்குக் கொப்பரைக் கூட்டிக்கொண்டு வா," என்றேன்.

இடையில் சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் வீட்டில் பூசைக்குப் பிள்ளைகள் கொப்பி புத்தகம் வைப்பார்கள். நான் என் ஆயுதங்களை வைப்பேன். குறடு, ஈயம் பற்றவைக்கிற கோல், மீற்றர், அந்த வருடம் எல்லாவற்றுக்கும் முன்னால் பால்மாப் பேணி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

மூன்றாம் நாள் எடுத்துக் கொழுவினால், கொதிக்கிற மணலில் நெல்லுப் பொரிவது போல ஒரு சத்தம். பொரிவதும் நிற்பதும், திரும்பப் பொரிவதும். ஐசி பழுது என்று மற்ற ஐசியைப் போட்டேன். அதிலும் பொரிந்தது. கப்பாசிற்றர் எல்லாவற்றையும் மாற்றினேன். பௌர்ணமி வந்தது.

"அப்பா வெளிக்கிட்டு நிக்கிறார். என்ன சொல்ல?" என்றாள் மனைவி.

"காய்ச்சல் எண்டு சொல்லு."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் போய்ச் சொல்லியிருக்கிறாள். மாமா, "பெட்டிக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டாராம்.

லண்டன் சாமான் நம்முடைய வெக்கைக்குத் தாங்காது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லி, அந்தப் பேணியைச் சுவர் இறாக்கையில் ஏற்றிவிட்டுப் பழைய டிரான்சிஸ்டர் போர்ட்டுக்கே திரும்பினேன்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் கரண்ட் நின்றது. திரும்பி வரவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோச் செய்தி கேட்கிற காலம். இராணுவம் டோர்ச் பற்றரியைக்கூட உள்ளே விடாது. பழைய பற்றரியை வெயிலில் காயப்போட்டு, ஆணியால் துளைத்து, உப்புத் தண்ணி விட்டு உயிர்ப்பிப்போம். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் உயிர்ப்பித்தது ஒரு கிழமை நிற்கும், நான் உயிர்ப்பித்தது மூன்று கிழமை.

இந்தக் காலத்தில்தான் மனைவி அரியாலையில் இருந்து வேறொரு கவலையைக் கொண்டுவரத் தொடங்கினாள்.

"அப்பாக்குச் சைக்கிள் மணி கேக்குதில்லை. பின்னாலை வந்தவன் இடிச்சுப்போட்டான்."

அடுத்த முறை: "சின்னப்பிள்ளையள் கதைச்சால் என்ன என்ன எண்டு கேக்கிறார். ஆம்பிளையள் கதைச்சால் கேக்குது."

இதைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. மெல்லிய சத்தம் முதலில் போகிறது. அடுத்தது நடுச்சத்தம். கடைசியாகத் தடிச்ச சத்தம். அது போவதற்குள் நான் அவருடைய இடது கையை அவருக்குக் கேட்க வைக்கவேண்டும். அதற்குப் பிறகு நான் தங்கத்தில் பிறீஅம்ப் கட்டினாலும் வீண். 'உது நானில்லை' என்பதுதான் என்னைப் பற்றி அவர் சொன்ன கடைசித் தீர்ப்பாக நிற்கும்.

கரண்ட் இல்லாதது வேறு வீடுகளுக்குச் சாபம். என் வேலைக்கு அது வரமாக வந்தது. கரண்ட் இல்லையென்றால் கரண்டின் இரைச்சலும் இல்லை. பிளேயரின் மோட்டர் பன்னிரண்டு வோல்ட், கார் பற்றரியில் சுற்றும். பழைய கார் றேடியோ ஒன்றின் வயிற்றை அம்பிளிபயராக்கினேன். பிறீஅம்ப் கொசு குடிக்கிற அளவுதான் குடிக்கும், உப்புத் தண்ணிப் பற்றரியே போதும். ஆனால் அந்தப் பற்றரியில் டிரான்சிஸ்டர் போர்ட் மூச்சு வாங்கியது. இறாக்கையில் கிடந்த லண்டன் பேணியைத் திறந்து பார்ப்போம் என்று எடுத்தேன்.

வயர் செருகுகிற துளையில் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஊசியால் கிண்டினேன். மணந்தது. சந்தனம்.

ஈரச் சந்தனம் துளைக்குள் இறங்கிக் காய்ந்து வெடித்திருக்கிறது. ஒரு மெல்லிய பொட்டு அல்ல, ஒரு உருண்டை. ஐசியும் கப்பாசிற்றரும் ஒரு பாவமும் செய்யவில்லை.

"ஆர் உதைப் பூசினது?" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினேன்.

"நான் ஒரு பொட்டுத்தான் வைச்சனான்," என்றாள் மனைவி. "பெரிய ஆயுதத்துக்குப் பெரிய பொட்டு வைக்கவேணும் எண்டு நீங்கள்தான் விரலாலை அள்ளி அப்பினீங்கள்."

அப்பியது எனக்கு நினைவு வந்தது. அதற்குமேல் அதைப் பற்றி அந்த வீட்டில் கதை எடுக்கவில்லை. இரும்புக்கோலைத் தேங்காய்ச் சிரட்டைக் கரியில் பழுக்கவைத்து, அந்தத் துளையின் சொக்கற்றைக் கழற்றி வேறொன்று பற்றவைத்தேன். போட்டுக் கேட்டேன். ஒரு பொரியல் இல்லை, ஒரு இரைச்சல் இல்லை. அப்படி ஒரு அமைதிக்குள் இருந்து வருகிற தவிலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஒருதரம் காய்ச்சல் என்று பொய் சொன்ன பிறகு மாமாவைத் திரும்பக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் நான் கூப்பிடாமலே வந்தார். தொண்ணூற்றைந்தில், அரியாலைப் பக்கம் செல் குண்டு விழத் தொடங்கியதும், மாமாவோடு இருந்த அவருடைய மூத்த மகள் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாமா சைக்கிள் கரியரில் இருந்து இறங்கி, பதினொரு வருடத்துக்குப் பிறகு எங்கள் படலையைத் திறந்தார். கையில் ஒரு சால்வை மட்டும். தவிலை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று நாள் நானும் அவரும் ஒரே கூரைக்குக் கீழே, அந்தப் பெட்டி இருக்கிற மூலையைப் பார்க்காமல் நடந்து திரிந்தோம்.

என் பயங்களை வரிசையாகச் சொன்னால் சிரிப்பீர்கள். பிளேயருக்கு இருந்தது கடைசி ஊசி. தூரத்தில் செல் விழுந்தால் நிலம் அதிரும், ஊசி துள்ளித் தட்டைக் கீறும். அதற்குச் சைக்கிள் ரியூப் நாலை வெட்டிக் கட்டி, பலகையைக் குழந்தை ஏணை போலத் தொங்கவிட்டு, அதில் பிளேயரை வைத்தேன். எந்தக் கம்பனியும் யோசித்திராத வேலை அது. கார் பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. எஞ்சின் ஓட்டிச் சார்ஜ் பண்ண எண்ணெய் இல்லை. மாமாவுக்கு எவ்வளவு காது மிச்சம் என்றும் தெரியாது.

நாலாம் நாள் காலையில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மாமாவின் காதுக்குக் கிட்டப் போய், "மாமா, ஒருக்கால் கேட்டுப் பாக்கிறியளோ?" என்றேன்.

"அந்த முடவனையோ?" என்றார். ஆனால் எழும்பி வந்தார்.

ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டேன். உறையில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு ஊசியை இறக்கினேன். எட்டாவது கோடு.

நாதஸ்வரம் தொடங்கியது. மாமா ஒன்றும் காட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்தில் நின்ற இளைய மகளைப் பார்த்து, "நாதஸ்வரக்காரன் இன்னும் வரேல்லையோ?" என்றார். முழுக் குரலில் ஊதிக்கொண்டிருந்த நாதஸ்வரம் அவருக்குக் கேட்கவில்லை. பிந்திவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது தவில் இறங்கியது.

மாமாவின் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை நின்றது. அதை மகளிடம் நீட்டினார். உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில் வைத்தார். வைத்தது வலது கை. இடது கை அவருடைய தொடையில், கழி பிடிக்கிற மாதிரி விரல் மடங்கி, மெல்ல அடிக்கத் தொடங்கியது. பெட்டியும் தொடையும் ஒன்றாகப் போனது. ஒரு இடத்தில்கூடப் பிந்தவில்லை. வலது கை வாசிப்பது அவருக்குக் கேட்டிருக்காது. இடது கை மட்டும் கேட்டது. தூரத்தில் எங்கோ இரண்டு செல் விழுந்தது. ஏணை ஆடியது, ஊசி துள்ளவில்லை.

தட்டு முடிந்தது. மாமா தொடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உதிலை ஒரு அடி விட்டுப்போச்சு," என்றார்.

"ஆர் விட்டது, மாமா?" என்றேன். அதை அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"ஆரெண்டு கேக்கிறீர். அடிச்சவன்தான் விடுவான். நான்தான் விட்டனான்." கொஞ்சம் நிறுத்தி, "மூண்டாம் சுத்திலை, முடிக்கிற முத்தாய்ப்புக்கு முதல். இவ்வளவு காலமும் எனக்கே தெரியாது. திருப்பிப் போடும்," என்றார்.

ஒன்பதாவது கோடு. இந்த முறை பாதியில் கார் பற்றரி தளரத் தொடங்கியது. தட்டு சோர்ந்து சோர்ந்து சுற்றியது. "காலம் விழுது, காலம் விழுது," என்று மாமா பழைய கோபத்தோடு சொன்னார், ஏதோ நான் பக்கத்தில் இருந்து தாளம் போடுகிறவன் போல. ஆனாலும் அந்த இடம் வந்தது. கையை உயர்த்தினார்.

"இதிலைதான். கேக்குதோ உமக்கு?"

எனக்குக் கேட்கவில்லை.

அவ்வளவு கிட்ட இருந்தேன். என் கையால் கட்டிய பெட்டி. ஒரு இரைச்சல் இல்லாமல் ஒவ்வொரு அடியும் தெளிவாக விழுந்தது. அதில் எது விழவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம், மாமா. கேக்குது," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"அப்ப செவி இருக்குத் தம்பி," என்றார்.

இதை இதுவரை எவருக்கும் சொன்னதில்லை. மாமா இப்போது இல்லை. அன்றைக்குப் பிறகு சில மாதத்தில், சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்தபோது, நான் பேணியையும் தட்டையும் ஒரு தலையணை உறைக்குள் வைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு நடந்தேன். பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வீடு. தட்டின் உறையில் இப்போது முப்பத்துநாலு கோடு இருக்கிறது. மூன்றாம் சுற்று, முத்தாய்ப்புக்கு முதல். கண்ணை மூடிக் கேட்டிருக்கிறேன், விரல் விட்டு எண்ணியும் கேட்டிருக்கிறேன். விட்ட அடி எனக்கு அகப்படவே இல்லை. மனைவியிடம் ஒருநாள் சும்மா கேட்பது போல, கொப்பர் எப்போதாவது அடி விட்டிருக்கிறாரா என்று கேட்டேன். "அப்பாவோ? ஒருக்காலும் இல்லை," என்று சொல்லிவிட்டு அரிசி புடைக்கத் திரும்பினாள்.

அந்த ஐசி பழைய காலத்துச் சாமான். தொப்பியின் அடிமட்டத்தில் அது எதையோ விழுங்குகிறது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் எனக்குக் கேட்டிருக்கும். போன கிழமை நல்ல கப்பாசிற்றர் நாலு வந்து சேர்ந்திருக்கிறது. பேணியைத் திறந்து மேசையில் வைத்திருக்கிறேன்.